பக்கத்து நாற்காலிக்கு மும்பை வழியாகவா?

(சங்கரன்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள், மே 23 அன்று, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவையை நிறுத்திவைக்க அரசு ஆணையிட்டது. அப்போது சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தென்காசி மாவட்டம் பிறக்க இன்னும் ஒன்றரை ஆண்டு பாக்கி. ஆக, நம் தாலுகாவிலும் நெட் போயிற்று. பதின்மூன்று உயிர்கள் போன துயரத்தின் பக்கத்தில் வைத்துக் கைபேசி விளையாட்டைப் பேசுவது சிறுபிள்ளைத்தனம் என்று தோன்றலாம். அந்த நாட்களில் செய்தி போகவில்லை, பணம் போகவில்லை, வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு படம்கூட அனுப்ப முடியவில்லை. அவைதான் பெரிய இழப்புகள். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் ஒரு தொழில்நுட்பம் எதை நம்பி நிற்கிறது என்பது, அந்தப் பிடி அறுபடும்போதுதான் வெளியே தெரிகிறது. அப்படிப்பட்ட நாளில் ஒரே கைபேசியில் உள்ள இரண்டு விளையாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ் திறக்கவே திறக்காது. இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். மினி மிலிஷியா ஓடும். அதுவும் தனியாக அல்ல, நாலு பேர் சேர்ந்தே ஆடலாம்.

எப்படி ஓடும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு பையன் தன் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போடுகிறான். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுகிறான். ரீசார்ஜ் தீர்ந்துபோன சிம்மாக இருந்தாலும் கவலை இல்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வைஃபையில் சேர்கிறார்கள். அவன் ரூம் போடுகிறான். அந்த நேரத்துக்கு அவன் கைபேசியே சர்வர். யார் சுட்டது, யார் மேல் பட்டது, யார் பறக்கும்போது விழுந்தது என்ற கணக்கையெல்லாம் அந்தச் சின்னக் கருவியே வைத்துக்கொள்கிறது. தகவல் அந்த அறையின் கதவைத் தாண்டுவதில்லை. இதைத்தான் லேன் என்கிறோம்: ஒரு வீட்டுக்குள், ஒரு கட்டடத்துக்குள் கருவிகள் தமக்குள்ளேயே பேசிக்கொள்ளும் வலை. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால் ஒரு ஜிபி டேட்டா 200 ரூபாய்க்கு மேல் விற்ற நாட்டில், கல்லூரி விடுதிகளை இந்த விளையாட்டு பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் இருக்கிறது. அதன் வழியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரி மாணவர்களின் கைக்குப் போயின. கணினி வந்த வீட்டுக்கெல்லாம் இணையம் வந்துவிடவில்லை. 2012-இல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. பேட்டரியில் ஓடும் ஒரு கணினி, எதிரே இன்னொன்று, நடுவில் ஒரு வயர். சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டு நம் பக்கத்துக் கிராமங்களுக்கு இப்படித்தான் வந்தது.

இந்த வசதிதான் உலகமெங்கும் விளையாட்டுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றப்பட்டு வருகிறது. 1993-இல் வந்த டூம் நான்கு கணினிகளை ஒரே வலையில் கோத்தது. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்டை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. ஒருவரிடம் குறுந்தகடு இருந்தால் போதும். அவருடைய நண்பர்கள் அவரோடு சேர்ந்து ஆட மட்டும் 'ஸ்பான்' என்ற இலவசப் பதிப்பை அதே தகட்டிலிருந்து தங்கள் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். நம் பிரவுசிங் சென்டர்களை வளர்த்த கவுன்டர் ஸ்ட்ரைக்கும் லேனில்தான் ஓடியது. வெளி இணைப்பு படுத்துவிட்டாலும் உள்ளே ஆட்டம் நிற்காது. திருப்பம் வந்தது 2009-இல். ஸ்டார்கிராஃப்ட் இரண்டாம் பாகத்தில் லேன் இருக்காது, எல்லோரும் எங்கள் பேட்டில்நெட் சர்வர் வழியாகத்தான் ஆட வேண்டும் என்று அதே பிளிசார்ட் அறிவித்தது. பெருந்திரளான ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். 2010 ஜூலையில் விளையாட்டு வந்தது, லேன் இல்லாமலே. அடுத்தடுத்த நிறுவனங்களுக்கு அது முன்னுதாரணம் ஆயிற்று.

பிளிசார்ட் சொன்ன காரணங்களில் ஒன்று திருட்டுப் பிரதி. இதை நாம் சிரித்துத் தள்ளிவிட முடியாது. நம் பக்கம் அதற்கு யோக்கியதை போதாது. பிரவுசிங் சென்டர்களில் ஓடிய விளையாட்டுகளில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை என்று கேட்டால் பலர் தலையைக் குனிய வேண்டிவரும். பர்மா பஜார் குறுந்தகடு எங்கேயிருந்து வந்தது என்பது ஊரறிந்த ரகசியம். லேன் இருந்தால் திருட்டுப் பிரதிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும். நிறுவனத்தின் கண்ணில் படாமலே நூறு பேர் ஆடிவிடலாம். வாதம் நியாயமானதுதான். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க இரண்டு சான்றுகள் இருக்கின்றன. லேனும் ஸ்பானும் இருந்த முதல் பாகம், பிசி பாங் என்ற கணினிக் கூடங்கள் தெருவுக்குத் தெரு முளைத்த தென்கொரியாவில் மட்டும் பல லட்சம் பிரதிகள் விற்றது. உலக விற்பனையில் ஏறக்குறைய பாதி அந்தச் சின்ன நாட்டில். பக்கத்தில் உட்கார்ந்து ஆடியவர்கள்தான் அதற்கு விளம்பரம். இரண்டாவது சான்று இன்னும் வலுவானது. 2017 நவம்பர் 14 அன்று ஸ்டார்கிராஃப்ட் இரண்டாம் பாகத்தின் பலர் சேர்ந்து ஆடும் பகுதி எல்லோருக்கும் இலவசம் ஆயிற்று. இலவசமாகக் கிடைப்பதை யாரும் திருட முடியாது. திருட்டுக்கு அஞ்சித்தான் லேனை எடுத்தோம் என்றால், அன்று அது திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன? என் தீர்ப்பு இது: லேன் இருந்தால் ஆட்டம் நிறுவனத்தின் கையை விட்டுப் போய்விடுகிறது. கொரியாவில் முதல் பாகத்தை வைத்துத் தொலைக்காட்சிப் போட்டிகள் நடந்தன. ஒளிபரப்பு உரிமையை அங்குள்ள மின்விளையாட்டுச் சங்கம் விற்றது. விளையாட்டு எங்களுடையது, உரிமையை நீங்கள் எப்படி விற்கலாம் என்று பிளிசார்ட் வழக்காடியது. முதல் பாகத்துக்கு ஒரு அறையும் சில வயர்களும் இருந்தால் போதும், பிளிசார்டைக் கேட்காமலே போட்டி நடத்தலாம். இரண்டாம் பாகத்தில் அது முடியாது. ஒவ்வொரு ஆட்டமும் நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் நிற்பவர் கட்டணம் கேட்கலாம், சாமான் விற்கலாம், கணக்கெடுக்கலாம், கதவைச் சாத்தவும் சாத்தலாம். இன்றைய விளையாட்டுகளின் வருமானம் உடை, ஆயுதம், வண்ணம் என்று உள்ளே விற்கும் சில்லறைக் கடையிலிருந்து வருகிறது. ஹாட்ஸ்பாட்டில் ஆடுபவனுக்கு அந்தக் கடை கண்ணில் படாது. வியாபாரம் என்ற முறையில் நிறுவனம் அப்படி நினைப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். வியாபாரக் காரணத்தைப் பாதுகாப்புக் காரணமாகச் சொல்வதைத்தான் குறை சொல்கிறேன்.

இப்போதுதான் மூலைக்கு மூலை நெட் வந்துவிட்டதே, ஐந்து பத்து ரூபாய்க்கு ஜிபி கிடைக்கிறதே, பழைய வயரைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும் என்பது அடுத்த கேள்வி. நெட் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆடும்போது, ஒருவன் சுட்ட குண்டு எந்த வழியாக அடுத்தவனைப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். சர்வர் மும்பையில் இருந்தால், இங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் போய், கணக்கு முடித்து, அதே தூரம் திரும்பி வந்து, அரை முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவனின் திரையில் விழ வேண்டும். சிங்கப்பூரில் இருந்தால் போக மட்டும் 3,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சிங்கப்பூர் போய்வர 30 மில்லி நொடி இயற்கையே எடுத்துக்கொள்ளும், வழியில் இருக்கும் நெரிசல் தனி. உள்வலையில் அது ஒன்றிரண்டு மில்லி நொடிதான். ஆடித்தபசு அன்று தெற்கு ரத வீதியில் நின்று ஒரு படம் அனுப்பப் பார்த்தவர்களுக்கு டவர் இருந்தும் நெட் இல்லாத நிலை என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அரசே இணைப்பை அறுத்துவிடும் நாட்களும் உண்டு. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய இணையம் 4ஜி வேகத்தில் திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில்.

நம் ஊர்களை விடுங்கள். 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியின் காலிறுதி நடந்தது. ஆட்டக்காரர்கள் ஒரே மேடையில், எதிரெதிரே. ஆனால் ஆட்டம் வெளி இணையம் வழியாக. இணைப்பு அறுந்து அறுந்து விழ, ஒரு போட்டி மணிக்கணக்கில் இழுத்துக் கடைசியில் வேறொரு நாளுக்குத் தள்ளிப் போனது. அதற்குப் பிறகு பெரிய போட்டிகளுக்கு உள்ளக சர்வரைத்தான் நம்புகிறார்கள். லேன் தேவையில்லை என்று நமக்குச் சொல்லும் துறை, தன் பரிசுப் பணம் மேடையில் இருக்கும்போது லேனைத்தான் நாடுகிறது.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஆயுள். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. தடை சரியா தவறா என்பது இன்றைய பேச்சில்லை. அதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். கைபேசியில் ஏற்கெனவே ஏற்றியிருந்தவர்களுக்கு ஆட்டம் தொடர்ந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்டோபர் 30 அன்று நிறுவனம் இந்தியாவுக்கான சர்வரை நிறுத்தியது. அதோடு கைபேசிகளில் அது செத்தது. காசு கொடுத்து வாங்கிய உடைகளும் அப்போது கைக்கு எட்டாமல் போயின. விளையாட்டு உண்மையில் யாரிடம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ 2014-இல் வந்த கார்ப் பந்தயம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடியதும், கடையில் பெட்டியோடு வாங்கியவர்களுக்கும்கூடத் தனியாக ஒரு கார் ஓட்ட முடியாமல் போயிற்று. மறுபக்கம் பாருங்கள். 2014 மே மாதத்தில் கேம்ஸ்பை என்ற இணைப்புச் சேவை மூடப்பட்டபோது ஏராளமான பழைய விளையாட்டுகள் ஒரே நாளில் இணைய ஆட்டத்தை இழந்தன. லேன் வைத்திருந்தவை நண்பர்களுக்குள் தொடர்ந்தன. நின்டெண்டோ தன் 3டிஎஸ் கருவிக்கான இணையச் சேவையை 2024 ஏப்ரலில் நிறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கருவிகளை நேராக இணைத்து ஆடுவது அதில் இன்றும் நடக்கும், ஏனென்றால் அதற்கு நின்டெண்டோ தேவைப்படுவதே இல்லை.

இந்த ஊரில் விசைத்தறி ஓடாத தெருவைத் தேட வேண்டும், அதனால் இதைச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். தறியைச் செய்து விற்ற கம்பெனி இன்று இருக்கிறதா என்று தறிக்காரருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. பல்சக்கரம் தேய்ந்தால் லேத்துப் பட்டறையில் கொடுத்து ஒன்று செய்துகொள்கிறார், தறி ஓடுகிறது. விளையாட்டிலும் அப்படிச் செய்யப் பார்த்தார்கள். பேட்டில்நெட் மெதுவாக இருக்கிறது, ஏமாற்றுக்காரர்கள் மலிந்துவிட்டார்கள் என்று சில தன்னார்வலர்கள் அதே வேலையைச் செய்யும் பிநெட்டி என்ற சர்வரைத் தாங்களே எழுதினார்கள். பிளிசார்ட் வழக்குப் போட்டது. 2005-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பல்சக்கரத்தை நீயே செய்யக்கூடாது என்பதுதான் அதன் பொருள். நம் பதிப்புரிமைச் சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் தாராளம்: முறையாக வாங்கியவர், வேறொரு நிரலோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, ஆராய்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்று 52-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் 2012 திருத்தத்தில் பூட்டை உடைப்பதற்கு எதிராக 65ஏ என்ற பிரிவும் சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளத் துணியும் மாணவன் யார்? ஆர்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களுக்கு இதுதான் பதில்.

தொழில்நுட்பர்கள் ஓர் எதிர்ப்பு வைக்கிறார்கள், அதில் பாதியை நான் ஏற்கிறேன். ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் வாழும் விளையாட்டை மடிக்கணினியில் அடக்க முடியாது. பரிசுத் தரவரிசை இருக்கும் இடத்தில் கணக்கு ஆட்டக்காரனின் கையில் இருந்தால் ஏமாற்றுவான். அங்கே நிறுவனத்தின் சர்வர்தான் நடுவர். இரண்டையும் விட்டுவிடலாம். ஆனால் நாலு பேர், எட்டுப் பேர் ஆடும் விளையாட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. 'முடியாது' என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டி இணையம் இல்லாமல் இயங்காது, அதன் கணக்கெல்லாம் சர்வரோடு பின்னியிருக்கிறது என்றார்கள். வெளியான வாரமே சர்வர்கள் திணறின, வாங்கியவர்கள் உள்ளே நுழையவே முடியவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, இணையம் இல்லாமல் ஓடும் வசதியை அதே நிறுவனம் கொடுத்தது. தி க்ரூவின் அடுத்த பாகத்துக்கும் அப்படியே, எதிர்ப்பு கிளம்பிய பிறகு வழி பிறந்தது.

பெற்றோர் சிலர் இதையெல்லாம் கேட்டு, செத்தால் சாகட்டுமே, பிள்ளைகள் உருப்படுவார்கள் என்று நினைக்கக்கூடும். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு 2022-இல் இயங்கலைச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்ததும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இயங்கலை விளையாட்டுகளைத் தடை செய்ததும் வீடுகள் கடனில் மூழ்கியதால்தான். ஆனால் அந்தத் தீமைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். முகம் தெரியாதவர் அழைப்பு, இரவு இரண்டு மணிக்கு வரும் அறிவிப்பு, பணம் கறக்கும் கடை எல்லாமே சர்வர் வழியாக வருபவை. லேனில் ஆட எதிராளி நேரில் வர வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் ஆட்டம் முடியும். கட்டுப்பாடு வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் காக்க வேண்டியது இதைத்தான்.

எல்லா விளையாட்டிலும் லேன் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லவில்லை. இரண்டே கோரிக்கைகள். விற்கும்போது சொல்லுங்கள்: நெட் இல்லாமல் இது ஓடுமா, பக்கத்தில் இருப்பவரோடு ஆடலாமா, எத்தனை ஆண்டு சர்வர் இருக்கும்? மூடும்போது விடுங்கள்: உள்வலையில் ஓடும் பதிப்பையோ சர்வர் நிரலையோ வாங்கியவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். பகுதி அளவில் இது வெளியே தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவில் 2025 தொடக்கம் முதல், உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று எழுதிவைக்கும் மின்கடை அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தி க்ரூ மூடப்பட்ட கோபத்தில் ஐரோப்பாவில் தொடங்கிய குடிமக்கள் மனு, தேவையான 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டி, சரிபார்த்த பிறகும் ஏறக்குறைய 13 லட்சத்தில் நின்றது. நமக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2004-இல் டாடா கன்சல்டன்சி வழக்கில், கடையில் வைத்து விற்கும் மென்பொருள் சரக்குதான், அதற்கு விற்பனை வரி உண்டு என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. வரி வாங்கும்போது சரக்கு, வாங்கியவர் கேட்கும்போது சேவை என்று இரண்டு நாக்கு வைத்துக்கொள்ள முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தையும் ஏற்றிருக்கிறது. அதை இந்தத் துறையில் யாராவது எடுத்துப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அடுத்த முறை பிள்ளைக்கு ஒரு விளையாட்டு வாங்கித் தரும்போது, நெட்டை அணைத்துவிட்டு இரண்டு பேர் ஆட முடிகிறதா என்று கடையிலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கியது பாதியில் நின்றால் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே புகார் சொல்லலாம்.